கேட் போட்டிருக்கு

மூன்று மரப்பெட்டி, ஒரு வெற்றுக் கூடு.
இறக்கிவைத்த லாரிக்காரர்
"படகா?" என்றார்.
தட்டிப் பார்த்தேன்,
காலிக் குடத்தின் சத்தம்.

பணம் குமுதவல்லியுடையது.
நெல் கொள்முதல் நிலையத்தில்
ஏழு பருவம் பில் எழுதிச் சேர்த்தது.
நகை எடுப்பாள் என்றிருந்தார்கள் அவள் வீட்டில்.
நான் டிராக்டர் என்றேன்.
அவள் ஒரு படத்தை நீட்டினாள்:
சிவப்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது,
தரையோடு தரையாக ஒரு வண்டி.
"இதோட நகல். நாமதான் பூட்டணும்.
உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமே."

தெரியும்தான்.
அறுவடை மெஷினுக்கு அடியில்
பதினெட்டு வருஷமாய் மல்லாந்து கிடப்பவன்.
ஆனால் பெட்டியில் வந்த போல்ட்டெல்லாம் அங்குலம்,
மன்னார்குடிக் கடையில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர்.
கையேட்டை அவள் படிப்பாள்,
"இதுக்கு நாற்பத்தைந்து இறுக்கம்."
என் மணிக்கட்டுக்குத் தெரிந்தவரை இறுக்குவேன்.
"எவ்வளவு வந்துச்சு?"
"போதும்."
பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தாள்:
போதும்.

ஐப்பசியில் பிசின் காயவில்லை.
கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்பை
அலிமா வீட்டில் இரவல் வாங்கி
வலது கதவின்மேல் இரண்டு ராத்திரி தொங்கவிட்டோம்.
காய்ந்தது. கோணியும்கொண்டது.
இடப்பக்க இடுக்கில் விரல் நுழையும்,
வலப்பக்கம் பில் காகிதம்கூட நுழையாது.

எஞ்சின், வெள்ளத்தில் நின்ற ஒரு எஸ்டீமுடையது,
கும்பகோணத்தில் எடைக்கு எடுத்தோம்.
ஆர்.சி. புத்தகம் இன்னமும் சொல்கிறது:
எஸ்டீம், வெள்ளை, ஐந்து பேர்.
ஆர்.டி.ஓ.வுக்கு என்ன சொல்வதென்று
அறுவடை முடியட்டும், யோசிக்கலாம்.

"டூப்ளிகேட்தானேடா" என்றான் டீக்கடையில் ரெங்கராஜு.
"நீ ஒரிஜினலை எங்க பார்த்தே?"
அவன் பார்த்ததில்லை. நானும்தான்.
திருவாரூர் வரைக்கும்
இதுதான் ஒரிஜினல்.

தை ஒன்பதாம் நாள் கிளப்பினோம்.
தரைக்கும் வயிற்றுக்கும் நாலு அங்குலம்.
வீட்டெதிர் வாய்க்கால் பாலமோ
நடுவில் முதுகு தூக்கியிருக்கும்.
பலகை போட்டு, அவள் ஓட்ட,
நான் தரையில் கன்னம் வைத்துக்கொண்டு
வா, வா, நில்லு, ஒரு பொட்டு இடது, வா.

அப்புறம் மெயின் ரோடு.
ஒரு கிலோமீட்டர் இருக்கலாம்.
மூன்றாம் கியரில் அவள் தலைமுடி
என் வாய்க்குள் வந்தது.
நாலாவது போடும் முன்னால்
நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.

சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மாற்றுகிறார்களாம்.
முன்னால் நெல் லாரி, பக்கத்தில் டவுன் பஸ்,
ஜன்னலெல்லாம் முகம்.
வெள்ளரிப் பிஞ்சு விற்பவள்
கூடையை பானெட்டின்மேல் வைத்துவிட்டு
"எவ்வளவு ஆச்சு?" என்றாள்.
குமுதவல்லி சொன்னாள்.
கூடையை எடுத்துக்கொண்டாள்.

"கட்டைக்கு அடியிலயே போயிடலாம்" என்றாள் இவள், மெல்ல.
கண்ணால் அளந்தேன்.
தலையைக் குனிந்தால் ஒரு சாண் மிச்சம்.
நான் வாய் திறக்கவில்லை.
அவள் கை கியரிலேயே இருந்தது.

லாரியைப் பார்த்தேன்.
கண்ணுக்கு நேரே டிஃபரன்ஷியல், ஒழுகும் கிரீஸ்,
பட்டையில் மயிரிழை விரிசல்.
காசு கொட்டி, பதினாலு மாசம் பூட்டி,
நான் வந்து சேர்ந்திருப்பதும்
வண்டிகளின் அடிவயிற்றுக்குத்தான்,
என்ன, இப்போது உட்கார்ந்துகொண்டு.

"அந்தப் பட்டை அடுத்த பாலம் தாங்காது" என்றேன்.
"போய்ச் சொல்லேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட் தூக்கினான்.
ஆரன், புழுதி, சிதறிய நெல்.
லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
ஒரு சிவப்பு நழுவியது.
கொரடாச்சேரிப் பக்கம்
மூன்றாவது, இழுத்துப் பிடித்து,
பிறகு நாலாவது.

"உங்க வண்டியா? திரும்பி வருமா?" என்றார் டிரைவர்,
விரிசலை விரலால் தடவியபடி.
மூன்று லிட்டர்தான் ஊற்றியிருந்தேன்.